மரண தண்டனையும் கடுஞ்சிறையும் நியாயமா?

கேட்கப்பட்ட கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. கொலை, பாலியல் வன்கொடுமை, பயங்கரவாதம் போன்ற குற்றங்களுக்குத் தூக்கும், மற்றக் குற்றங்களுக்கு இப்போதிருப்பதைவிட நீண்ட சிறையும் விதிப்பது நியாயம்தானா. அப்படி விதித்தால் குற்றங்கள் குறையாதா. பறிபோன உயிருக்காகப் பேசாமல் பறித்தவனின் உயிருக்காக ஏன் இத்தனை பேர் வாதாடுகிறார்கள்? மூன்றாவது பகுதியில் இருக்கும் கோபம் இயல்பானது. அதை அறியாமை என்று ஒதுக்கிவிட்டுத் தொடங்கும் பதில் நேர்மையான பதிலாக இருக்காது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாகத் தகுந்த குற்றத்தை எந்த மனிதனும் செய்வதில்லை என்று நான் கருதவில்லை. ஆனால் யார் சாக வேண்டும் என்பதைப் பிழையின்றியும் பாரபட்சமின்றியும் தீர்மானிக்கும் திறன் நம் காவல்துறைக்கோ நீதிமன்றங்களுக்கோ ஆட்சியாளர்களுக்கோ இருந்ததில்லை என்பதை நம்முடைய வழக்குகளே காட்டுகின்றன. ஆகவே மரண தண்டனை நியாயமற்றது என்கிறேன். நீண்ட சிறைத் தண்டனை சில குற்றங்களுக்குத் தேவை. அதையும் மறுபரிசீலனைக்கு இடமில்லாதபடி இறுக்கிக்கொண்டே போவது வேறொரு அநியாயம்.

தூக்கு இருந்தால் பயம் இருக்கும், பயம் இருந்தால் குற்றம் குறையும் என்பதுதான் பெரும்பாலோர் முதலில் எடுக்கும் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-ல் மரண தண்டனையை ஒழித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அந்தச் சமஸ்தானத்துக்குள்தான் இருந்தது. இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின், 1950 வாக்கில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியாகத் தூக்கு அங்கே திரும்பி வந்தது. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரையான காலத்தில் அங்கே நடந்த கொலைகள் 962. தூக்கு திரும்பிய பிறகு 1950 முதல் 1955 வரை நடந்தவை 967. இந்த எண்களை வைத்துக்கொண்டு தூக்கால் பயனே இல்லை என்று நிறுவிவிட முடியாது. மக்கள் தொகை, பஞ்சம், அரசியல் கொந்தளிப்பு என எத்தனையோ காரணங்கள் கொலைகளின் எண்ணிக்கையை அசைக்கும். ஆனால் தூக்கு போனால் ஊர் சுடுகாடாகும் என்ற அச்சத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை என்பது மட்டும் உறுதி. 1976-ல் மரண தண்டனையைக் கைவிட்ட கனடாவிலும் அதன்பின் கொலை விகிதம் ஏறவில்லை. பிந்தைய பத்தாண்டுகளில் இறங்கியது.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாக ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தூக்கு இத்தனை கொலைகளைத் தடுக்கிறது என்று ஒரு தரப்பு எண் சொன்னால், மறுதரப்பு அதே புள்ளிவிவரத்தை வேறு விதமாகக் கணக்கிட்டு அதைக் கலைத்துவிடும். அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-ல் இந்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, மரண தண்டனை கொலைகளைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா, மாற்றமின்றி விடுகிறதா என்பதைச் சொல்ல இவற்றில் எதுவும் பயன்படாது, இவற்றைச் சட்டம் இயற்றுவதற்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டாம் என்று முடிவு சொன்னது. குற்றவியலாளர்கள் ஓரளவு ஒன்றுபடும் இடம் வேறு: பிடிபடுவோம் என்ற நிச்சயம் குற்றவாளியின் கையைத் தடுக்கும் அளவுக்குத் தண்டனையின் கடுமை தடுப்பதில்லை. பத்து ஆண்டுச் சிறை இருபதாகும்போது குற்றம் செய்ய நினைப்பவனின் கணக்கில் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை, ஏனென்றால் தான் அகப்படுவோம் என்றே அவன் நினைப்பதில்லை. குடிபோதையிலும் ஆத்திரத்திலும் நடக்கும் கொலைகளுக்கு இந்தக் கணக்கே கிடையாது.

டெல்லியில் 2012 டிசம்பர் 16-ல் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, ஒரு மாதத்துக்குள், 2013 ஜனவரி 23-ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. நாடே தூக்கு கேட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனை வேண்டாம் என்று அந்தக் குழு எழுதியது. கூடவே காவல்துறைச் சீர்திருத்தம், மருத்துவப் பரிசோதனை முறை, புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிகள் மீது நடவடிக்கை என்று பக்கம் பக்கமாகப் பரிந்துரைத்தது. அரசு எடுத்துக்கொண்ட வழி வேறு. வன்கொடுமையால் உயிர் போனாலோ, பாதிக்கப்பட்டவர் மீளாத உணர்விழப்புக்கு ஆளானாலோ, ஒருவர் மீண்டும் அதே குற்றத்தைச் செய்தாலோ தூக்கு என்று 2013-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2018-ல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கு எதிரான வன்கொடுமைக்கும், பிறகு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு எதிரான கூட்டு வன்கொடுமைக்கும் தூக்கு வந்தது. தண்டனை இப்படி ஏறிக்கொண்டே போனபோதிலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்த பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்கு இருபத்தேழு அளவில்தான் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்திருக்கிறது. நான்கு வழக்கில் மூன்று வழக்குகள் தண்டனையின்றி முடியும் நாட்டில், நான்காவது வழக்கின் தண்டனையை எவ்வளவு உயர்த்தினால் யாருக்கு அச்சம் வரும்?

தண்டனையை உயர்த்துவதற்குப் பணச் செலவில்லை, ஆனால் வேறு விலை உண்டு. இந்த வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம்சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். மாமாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ ஆசிரியராகவோ இருக்கிறார். தன் சாட்சியத்தால் சொந்தக்காரன் ஒருவன் தூக்கு மேடை ஏறுவான் என்று தெரிந்தால், ஏற்கெனவே வாயடைத்துப் போயிருக்கும் குடும்பம் குழந்தையின் வாயையும் சேர்த்து அடைக்கும். கொலைக்கும் வன்கொடுமைக்கும் ஒரே தண்டனை என்றானால், ஒரே சாட்சியான அந்தக் குழந்தையை உயிரோடு விட்டுவைக்க அவனுக்கு இருந்த கடைசிக் காரணமும் போய்விடும். குறைந்தபட்சத் தண்டனை மிக அதிகமாக இருக்கும்போது, அதை விதிக்க மனம் வராத நீதிபதி சிறு சந்தேகத்தையும் பெரிதாக்கி விடுதலை செய்துவிடும் அபாயமும் இருக்கிறது. கடுமைக்கான பசி சட்டத்தோடு நிற்பதும் இல்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவரை வன்கொடுமை செய்து கொன்ற வழக்கில் கைதான நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூத்தூவிக் கொண்டாடினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற போலீசாரின் கதையை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள் என்று பின்னர் அறிக்கை கொடுத்தது. அந்த நால்வரும் உண்மையான குற்றவாளிகள்தானா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரிக்கப் போவதில்லை.

அச்சுறுத்தல் வாதம் வலுவற்றது என்பதால் விவாதம் முடிந்துவிடுவதில்லை. குற்றம் குறைகிறதோ இல்லையோ, இப்படிச் செய்தவன் சாக வேண்டியவன் என்று சொல்பவர்களுக்கு எந்தப் புள்ளிவிவரமும் பதிலாகாது. இதைப் பழிவெறி என்று இகழ்வது எளிது. ஆனால் செய்த தீங்கின் அளவுக்குத் தக்கபடி தண்டனை இருக்க வேண்டும் என்ற உணர்வை எடுத்துவிட்டால் தண்டனை என்ற ஏற்பாட்டுக்கே பொருள் இல்லாமல் போகும். திருட்டுக்கும் கொலைக்கும் வேறுவேறு தண்டனை விதிப்பதே அந்த உணர்வால்தான். எனவே இந்த வாதத்தை நான் முழு மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். அதை ஏற்றுக்கொண்டவர்கள் கூடவே ஒன்றையும் ஏற்க வேண்டியிருக்கிறது: தகுதிக்கேற்ற தண்டனை என்பது நியாயமாக இருக்க வேண்டுமானால், ஒரே தகுதி உடையவர்களுக்கு ஒரே தண்டனை கிடைக்க வேண்டும். இந்தியாவில் மரண தண்டனை தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

1955 வரை கொலைக்குத் தூக்குதான் இயல்பான தண்டனை. தூக்கு கொடுக்காவிட்டால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைத் தலைகீழாக்கி, தூக்கு கொடுத்தால்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, நீதிபதி பகவதி ஒருவர் மட்டும் மாறுபட, மரண தண்டனை செல்லும் என்றும், மாற்றுத் தண்டனைக்கு வழியே இல்லாத அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றவாளியையும் பார்க்க வேண்டும், அவன் திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுத் தரப்பு நிறுவ வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தாளில் இதைவிடக் கவனமான விதியை எழுதுவது கடினம். மூன்றே ஆண்டுகளில் மச்சி சிங் வழக்கில் சமூகத்தின் மனச்சாட்சி அதிர்ந்துபோகும் குற்றங்கள் என்று ஒரு வகைப்பாடு உள்ளே வந்தது. அதன்பிறகு எந்த வழக்கில் சமூகம் அதிர்ந்தது, எந்த வழக்கில் அதிரவில்லை என்பதை அந்தந்த அமர்வின் நீதிபதிகளே தீர்மானித்தார்கள். தொலைக்காட்சியும் செய்தித்தாளும் எந்த வழக்கின் பின்னால் போயின என்பதற்கும் இதில் பங்கில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வரைக் கொன்ற வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. மூவரின் பங்கும் ஒன்றே. மூன்று மனுக்களும் உச்ச நீதிமன்றத்தின் வெவ்வேறு அமர்வுகளுக்குப் போயின. ஒருவருக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மற்றொருவர் 1981 அக்டோபர் 6-ல் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் கடைசி நேரத்தில் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியபோதுதான் இந்த முரண்பாடு நீதிபதிகளின் கண்ணில் பட்டது. அவரது தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்கு அவர்கள் பரிந்துரைத்தார்கள். ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜி வழக்கு இன்னும் மோசமானது. தண்டனையை நிர்ணயிக்கக் குற்றத்தின் கொடுமையைப் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்று அதில் தீர்ப்பாகி, அவர் 1996-ல் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பும் அதைப் பின்பற்றிய வேறு சில தீர்ப்புகளும் பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணானவை, சட்டப்படி செல்லாதவை என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்கு அந்த வரிகளால் ஆவது ஒன்றுமில்லை.

இவை விதிவிலக்குகள் என்று நினைப்பவர்கள், டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 2000-க்குப் பின் பதினைந்து ஆண்டுக் காலத்தில் விசாரணை நீதிமன்றங்கள் தூக்கு விதித்தவர்களில், மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தண்டனை நிலைத்தது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே. நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பேர் குற்றமற்றவர்கள் என்று விடுதலையே ஆனார்கள். தூக்குக் கொட்டடியில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. மேல் நீதிமன்றங்கள் பிழையைத் திருத்திவிடுகின்றனவே என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் 2003-ல் நடந்த கொள்ளை, கொலை, வன்கொடுமை வழக்கு ஒன்றில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு ஏழைகளுக்கு 2009-ல் தூக்கை உறுதி செய்தது உச்ச நீதிமன்றம்தான். அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த ஆயுள் தண்டனையையும் அதுவே தூக்காக உயர்த்தியது. பத்தாண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் அந்த ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. உயிர் தப்பிய பெண் போலீசாரின் படத்தொகுப்பில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அந்தத் தடயத்தின் பின்னால் யாரும் போகவே இல்லை. பதினாறு ஆண்டுகள் ஆறு பேர் சிறையில் கிடந்தார்கள், உண்மையில் கொன்றவர்கள் வெளியே இருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு இதில் என்ன நீதி கிடைத்தது?

தமிழ்நாட்டில் தருமபுரிப் பேருந்து எரிப்பு வழக்கை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது இரு தரப்பின் வாதங்களையும் ஒருசேரச் சோதிக்கிறது. 2000 பிப்ரவரி 2-ல் ஜெயலலிதாவுக்கு எதிரான தீர்ப்பைக் கண்டித்து நடந்த கலவரத்தில், வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பேருந்துக்குத் தீவைக்கப்பட்டு மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்தார்கள். 2007-ல் அ.தி.மு.க.வினர் மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மரண தண்டனை வழக்குகளில், உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மீண்டும் பார்க்கக் கோரும் சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2014-ல் தீர்ப்பு வந்தது. 2016-ல் இவர்களது சீராய்வு மனு அப்படி விசாரிக்கப்பட்டபோது, அவர்கள் கூட்ட வெறியில் செயல்பட்டார்கள், அந்த மாணவிகளைக் கொல்லும் முன்திட்டம் இருந்ததில்லை என்று கண்டு, தூக்கு ஆயுளாக்கப்பட்டது. சாட்சியங்கள் எதுவும் மாறவில்லை. மாறியது அவற்றைப் பார்த்த கண். சீராய்வை முன்போல அறைக்குள் வைத்தே தள்ளுபடி செய்திருந்தால் மூவரும் செத்திருப்பார்கள். தூக்கை எதிர்ப்பவர்களுக்கு இது போதுமான ஆதாரம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய முன்விடுதலைத் திட்டத்தின் கீழ், அவர்கள் சார்ந்திருந்த கட்சியின் அரசே மூவரையும் விடுதலை செய்தது. அந்த மாணவிகளின் பெற்றோர், தூக்கில் போட்டிருந்தாலாவது இப்படி நடந்திருக்காது என்று நினைத்தால் அவர்களுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

தூக்குக்கான மக்கள் ஆதரவின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு வருடம், அதுவும் நல்லது செய்தால் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை என்பது உயிர் உள்ளவரை சிறை என்பதை 1961-ல் கோபால் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பதினான்கு ஆண்டு என்பது, தூக்கும் விதிக்கப்படக்கூடிய குற்றங்களில் ஆயுள் கைதி ஒருவரை அரசு முன்கூட்டி விடுவிப்பதாயின் அதற்கு முன் விடுவிக்கக் கூடாது என்று 1978-ல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட குறைந்தபட்ச எல்லை. அந்த எல்லைக்குப் பிறகு யாரை விடுவிப்பது என்பதை அரசு தீர்மானிக்கிறது என்பதும், அரசு அதைத் தேர்தல் கணக்கோடு தீர்மானிக்கிறது என்பதும்தான் சிக்கல். 2002 குஜராத் கலவரத்தில் நடந்த பில்கிஸ் பானு கூட்டு வன்கொடுமை வழக்கில் குற்றவாளிகள் பதினோரு பேரை 2022 சுதந்திர தினத்தன்று குஜராத் அரசு விடுவித்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து அவர்களைச் சிறைக்குத் திருப்பி அனுப்பியது. மரண தண்டனை இருந்தால் இது நடக்காது என்ற எண்ணத்துக்கு இலங்கை பதில் சொல்கிறது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் சிறுவர்கள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக ராணுவ சார்ஜென்ட் ஒருவருக்கு 2015-ல் கொழும்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது; உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்து அனுப்பிவிட்டார். 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத அந்த நாட்டில், தாளில் இருந்த மிகக் கடுமையான தண்டனை ஐந்தாண்டுச் சிறையாக முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களை ஏமாற்றுவது ஆட்சியாளரின் தன்னிச்சையான விடுவிப்பு அதிகாரம். தூக்கைச் சட்டத்தில் வைத்திருப்பது அதைக் கட்டுப்படுத்தாது.

உச்ச நீதிமன்றம் இதற்குக் கண்டுபிடித்த வழி 2008-ல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் வந்தது. தூக்குக்கும் பதினான்கு ஆண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. ஆயுள் தண்டனை நடைமுறையில் பதினான்கு ஆண்டாகிவிடும் என்று அஞ்சியே நீதிபதிகள் சில வழக்குகளில் தூக்கை நோக்கித் தள்ளப்படுகிறார்கள். எனவே தண்டனைக் குறைப்பே இல்லாத இருபது, இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளையோ, சாகும்வரை சிறையையோ விதிக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. 2015-ல் அரசியல் சாசன அமர்வும் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் இதை ஏற்று, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே இப்படி விதிக்கலாம் என்று வரம்பு கட்டியது. உடுமலை சங்கர் ஆணவக்கொலை வழக்கில் திருப்பூர் நீதிமன்றம் விதித்த தூக்குகளை 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைக் குறைப்பற்ற இருபத்தைந்து ஆண்டாக மாற்றியது இந்த வழியில்தான். அதே தீர்ப்பில் முதல் குற்றவாளியாகத் தூக்கு பெற்றிருந்தவர் விடுதலையானது வேறு கதை.

தூக்கை எதிர்ப்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல் வரவேற்றுவிட்டார்கள் என்பது என் வருத்தம். இருபத்தைந்து ஆண்டு என்ற வரையறைக்கு நான் எதிரியல்லன். ஒரு கொலைக்கு அது நியாயமான விலையாகவே இருக்கலாம், கட்சிக்காரர்களின் விடுவிப்பு அரசியலிலிருந்து அது பாதுகாப்பும் தருகிறது. சாகும்வரை எந்த மறுபரிசீலனையும் இல்லை என்பது வேறு. இருபத்திரண்டு வயதில் கொன்றவன் அறுபது வயதில் யாராக இருப்பான் என்று தீர்ப்பு நாளன்று எந்த நீதிபதிக்கும் தெரியாது. திருந்த வாய்ப்பில்லை என்பதை நிறுவாமல் தூக்கு கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதே நிறுவல் இல்லாமலே ஒருவனை வெளிச்சமே இல்லாத சிறையில் சாகவிடுவது முரண்பாடு. இன்ன ஆண்டுக்குப் பிறகு, ஆட்சியாளர்களிடமிருந்து விலகி நிற்கும் ஒரு நீதித்துறைக் குழு, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் குரலையும் கேட்டுப் பரிசீலிக்கும் என்ற கதவு ஒன்று எல்லாத் தண்டனையிலும் இருக்க வேண்டும். சிறைக்குள் ஒழுங்கு காக்க வேண்டிய காவலர்களும் இதையே விரும்புவார்கள்; எந்த நம்பிக்கையும் இல்லாத கைதியிடம் நன்னடத்தையை எதைக் காட்டிக் கேட்பது?

நீதிபதிக்குத் தேர்வே இல்லாத கட்டாயத் தண்டனை இதைவிட மோசமானது. ஆயுள் கைதி ஒருவர் கொலை செய்தால் கட்டாயம் தூக்கு என்றிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 1983-லேயே ரத்து செய்துவிட்டது. சிங்கப்பூரில் பதினைந்து கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால், சட்டம் அனுமதிக்கும் குறுகிய விலக்குகளுக்குள் வராதவருக்குக் கட்டாயத் தூக்கு. மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராமுக்காக 2022 ஏப்ரல் 27-ல் அங்கே தூக்கிலிடப்பட்டார். அவரது அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. சரக்கை அனுப்பியவர்கள் யாரும் அந்த மேடை ஏறவில்லை. மலேசியா 2023-ல் கட்டாய மரண தண்டனையைக் கைவிட்டது.

வரிப்பணத்தில் கொலைகாரனுக்கு ஏன் சோறு போட வேண்டும் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்தியச் சிறைகளில் 2022 இறுதியில் 5.7 லட்சம் பேர் இருந்தார்கள். தூக்குக் கைதிகள் ஐந்நூற்றுச் சொச்சம். மொத்தம் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். சோற்றுச் செலவைக் குறைக்க விரும்புபவர் தொடங்க வேண்டிய இடம் அந்த மூன்று பங்கு.

கடைசியாக, இந்த விவாதத்தில் எப்போதும் வரும் பெயர்: கசாப். மும்பை ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு நின்றதைப் படம்பிடித்த கேமரா இருக்கும்போது பிழைக்கு எங்கே இடம் என்று கேட்பார்கள். அந்த ஒரு வழக்கில் இடமில்லை, ஒப்புக்கொள்கிறேன். நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையமும் 2015-ல் தந்த 262-ஆம் அறிக்கையில் மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்துவிட்டு, பயங்கரவாதத்துக்கும் நாட்டுக்கு எதிரான போருக்கும் மட்டும் அதை விட்டுவைத்தது. பயங்கரவாதத்தைத் தனியாக நடத்தத் தண்டனைவியல் நோக்கில் நியாயம் இல்லை என்று அந்த அறிக்கையே எழுதியிருக்கிறது. தேசப் பாதுகாப்பு பற்றிய கவலையை மதித்துத்தான் விலக்கு. என் பார்வையில் விலக்கு தலைகீழாக இருக்கிறது. பிழைக்கு மிக அதிக இடம் தரும் வழக்குகள் இவைதான், ஏனென்றால் நாட்டின் கோபம் உச்சத்தில் இருக்கும்போது சாட்சியச் சட்டத்தையும் நாம் தளர்த்திவிடுகிறோம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில், தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கு, விசாரிக்கப்பட்ட அத்தனை பேருக்கும், தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை நிறுத்திக்கொண்டு, மூவருக்கு ஆயுளாக்கி, மற்ற பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இந்தக் குற்றம் தடா சட்டத்தின் கீழ் வராது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடா சட்டத்தின் கீழ் மட்டுமே செல்லுபடியாகும், போலீஸ் அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலங்களை ஆதாரமாக ஏற்றுக்கொண்டது. பேரறிவாளன் மீதான தூக்கின் மையத்தில், இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லும் அப்படியொரு வாக்குமூலம் இருந்தது. அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரையும் தூக்கிலிட வேலூர்ச் சிறையில் குறிக்கப்பட்டிருந்த நாள் 2011 செப்டம்பர் 9. ஆகஸ்ட் 30-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்காமல் போயிருந்தால், அந்த அதிகாரி பேசத் துணிந்தபோது பேரறிவாளன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும்.